கட்டை விரலால் ஒரு தேய்ப்பு

தண்டையார்பேட்டையில் காய்கறிக் கடை வைத்து 11 வருஷம் ஆகிறது. உருளைக்கிழங்கு அழுகினால் மட்டும் எனக்குத் தாங்காது, ஏனென்றால் ஒரு கிழங்கு கொழகொழத்துப் போனால் அதன் தண்ணீர் பட்ட பக்கத்துக் கிழங்கும் சேர்ந்து போய்விடும், அந்த நாற்றம் கடையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும்.

போன புரட்டாசியில், கவிச்சி சாப்பிடாத மாதம் என்பதால் கிழங்கு நன்றாக ஓடும் என்று இரண்டு மூட்டை இறக்கினேன். இரண்டும் புதுக் கிழங்கு, ஒரே விலை, ஒரே மூலையில்தான் வைத்தேன். ஒன்று ஆறாம் நாளே ஈரம் விட ஆரம்பித்தது. இன்னொன்று மூன்று வாரம் கழித்தும் கல் மாதிரி இருந்தது, அங்கங்கே முளை எட்டிப் பார்த்ததோடு சரி.

மொத்த வியாபாரி அண்ணனிடம் அழுகின மூட்டையிலிருந்து நல்லதாக ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டை விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தார், தோல் ஈரக் காகிதம் மாதிரி உரிந்து வந்தது. "இது முத்தாத கிழங்குமா. கடைசி வரைக்கும் யூரியா போட்டுட்டு, செடி பச்சையா இருக்கறப்பவே தோண்டியிருப்பாங்க" என்றார்.

அன்றிரவே ஊட்டிப் பக்கம் கிழங்கு போடும் சித்தப்பா மகனுக்கு போன் போட்டேன். அவன் சொன்னது இதுதான்: யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அளவாகக் கொடுத்தால் விளைச்சல், கிழங்கு திரளும் நேரத்திலும் அள்ளிப் போட்டால் செடி தழைத்துக்கொண்டே போகுமே தவிர கிழங்கு முத்தாது. மாவு குறையும், தண்ணீர் கூடும், தோல் ஒட்டாது. தோல் உரிந்த இடம்தான் அழுகல் கிருமிக்கு வாசல். சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைந்தாலும் கேடுதான், மூட்டையை லாரியில் போடும்போது படும் அடியில் கிழங்கு உள்ளுக்குள் கறுத்துவிடும், வெளியே ஒன்றுமே தெரியாது.

சுண்ணாம்புச்சத்து விஷயம்தான் எனக்குப் புதுசு. கிழங்கின் செல் சுவரைக் கட்டி நிறுத்துவது அதுதானாம், அந்தச் சுவரைக் கரைத்துத்தான் அழுகல் கிருமி உள்ளே போகிறது. ஆனால் செடி உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடு இலைக்கே ஏறிவிடுகிறது, மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு அதில் பங்கு ரொம்பக் கம்மி. அதனால் சுண்ணாம்புச்சத்து உள்ள ஜிப்சம் பொடியைக் கிழங்கு பிடிக்கும் இடத்து மண்ணிலேயே போடுகிறார்கள். அப்புறம் அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னால் தழையை அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டால் தோல் இறுகிக்கொள்ளும்.

விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரிய கிழங்குக்குத்தானே நாம் விலை கொடுக்கிறோம்? முத்தின கிழங்குக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடப் போனாலும் கொடுக்கலாம் என்பதுதான் என் கணக்கு, அழுகிக் கொட்டுவதைவிட அது மேல்.

இப்போதெல்லாம் மூட்டையைப் பிரித்து அடியில் கைவிட்டு நாலு கிழங்கு எடுத்துத் தேய்த்துப் பார்க்காமல் நான் காசு கொடுப்பதில்லை. தெருமுனையில் போண்டா போடும் அக்காவுக்கும் காட்டிக் கொடுத்தேன். நேற்று என் கடைக்கே வந்து, என் கிழங்கையே தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஐந்து கிலோ வாங்கிப் போனார்.