மூன்று கட்டத்தில் ஓர் ஆமாம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியேறிய அடுக்ககத்தின் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு கிளாஸ் தே தாரிக் என்னும் ஆற்றிய பால்தேநீரையும் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்துப் பக்கத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவர். மதுரையிலிருந்து வந்து பத்து நாளே ஆகியிருந்த நான், மற்ற மேசைகள் நிறைந்திருந்த ஒரு காலையில், "இங்கே உட்காரலாமா ஐயா?" என்று கேட்டேன். "ஓம், ஓம்" என்றார் அவர். ஏதோ மந்திரம் சொல்கிறார், இடையில் பேசிவிட்டோம் என்று நினைத்து நான் தயங்கி நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இருங்கோ பிள்ளை" என்றபோதுதான், அந்த ஓம் யாழ்ப்பாணத் தமிழின் ஆமாம் என்பது எனக்கு விளங்கியது.

அன்று அவர் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த குறிப்பும் அதே சொல்லைப் பற்றியதுதான்: பேச்சுவழக்கில் உடன்பாடு, மூன்று கட்டம். 'யெஸ்' என்று எழுதலாமே என்றேன். கூடாது என்று தலையசைத்து அவர் விளக்கியதை இன்றும் நான் மறக்கவில்லை. குறிப்பு எந்த நடையில் இருக்கிறதோ விடையும் அதே நடையில் இருக்க வேண்டும் என்பது ஆங்கிலக் குறுக்கெழுத்தின் எழுதாத சட்டம். 'பேச்சுவழக்கில்' என்று குறிப்பிட்டுவிட்டால், சபையில் சொல்லும் 'யெஸ்' விலகிக்கொள்ள, வீட்டில் சொல்லும் 'யெப்', 'யுப்' இரண்டும் முன்னால் வந்து நிற்கும். குறிப்பே மேற்கோள் குறிக்குள் இருந்தால், விடையும் ஒருவர் வாய்திறந்து சொல்லக்கூடிய பேச்சாகவே இருக்கும். நான்கு கட்டம் என்றால் 'யெஆ', okay என்று நீட்டி எழுதும் 'ஓகே', 'ஷ்யூர்' ஆகியவை போட்டிக்கு வரும். மூன்று கட்டத்திலோ சிக்கல் இன்னும் நுட்பமானது, ஏனென்றால் யெப், யுப் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் ஒன்றே. நடுவில் வரும் ஒரே ஓர் உயிரெழுத்தைக் குறுக்கே போகும் சொல்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால் அவர் இரண்டு ஓரக் கட்டங்களை மட்டும் நிரப்பி, நடுக்கட்டத்தை வெறுமையாக விட்டு, வேறு மூலைக்குப் போய்விட்டார். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான் வளர்ந்தது தமிழ் வார இதழ்களின் குறுக்கெழுத்தில். அங்கே 'இடமிருந்து வலம்', 'மேலிருந்து கீழ்' என்பவற்றோடு 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்ற பகுதிகளும் வரும். சொல் திரும்பியும் நிற்கும், குலைந்தும் நிற்கும். உயிர்மெய்க்கு ஒரே கட்டம் என்பதால் 'சரி' இரண்டு கட்டத்தில் அடங்கிவிடும், 'ஆமாம்' மூன்றில். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் அச்சிட்ட வைரவடிவக் கட்டம், நம் எழுத்துக்கு வந்ததும் இப்படித் தனியாக ஓர் உருவம் எடுத்துக்கொண்டது.

இந்த ஊரில் உடன்பாட்டுச் சொற்களை நான் தவறாகப் படித்த நாட்களும் உண்டு. சமையலறைக் குழாய் ஒழுகியபோது, பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, நாளை வர முடியுமா என்று கேட்டேன். "போலே, போலே, ஓகேலா" என்றார். அதை நான் உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே காத்திருந்தேன். அவர் வந்தது மூன்றாம் நாள். நடந்ததைக் கேட்ட பெரியவர், "அவர் முடியும் எண்டுதானே சொன்னவர், பிள்ளை. வாறன் எண்டு சொல்லேல்லையே" என்றார். மலாயில் 'போலே' என்றால் முடியும், கூடும், செய்யலாம் என்று பொருள். இங்கே சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஆங்கிலம் பேசும்போது வெறும் 'கேன்' என்ற ஒரு சொல்லையே முழு விடையாகச் சொல்வதற்குப் பின்னாலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. கடைசியில் ஒட்டும் 'லா' அந்த விடையின் விறைப்பைக் குறைக்கிறது. இவற்றையும் பெரியவரின் கட்டங்களைப் போலவே, அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

'போலே' என்ற சொல் பல நாள் மனதில் சுழன்றுகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது இது: நம்முடைய 'ஆம்' என்பதும் 'ஆகும்' என்பதன் சுருக்கம்தானே. ஆகுமா என்று கேட்டால் ஆகும் என்கிறோம்; அது தேய்ந்து ஆம் ஆயிற்று, அடுக்கிச் சொல்லி ஆமாம் ஆயிற்று. முடியும் என்பதையே உடன்பாட்டுச் சொல்லாக வைத்துக்கொண்ட மலாயைக் கேட்டு நான் அத்தனை நாள் அந்நியமாக உணர்ந்திருக்கத் தேவையில்லை. 'ஓகே' கூட அப்படித்தான். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நாளிதழ் ஒன்றில், 'எல்லாம் சரி' என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துச் சுருக்கி அச்சிட்டார்கள். உலகம் முழுவதும் புழங்கும் அந்த இரண்டெழுத்துக்குள் இருப்பது நம் வீட்டுச் 'சரி'.

சென்ற தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, பழைய ரசீது ஒன்றின் பின்புறத்தில் இரண்டு கட்டம் வரைந்து, கீழே ஒரு குறிப்பு எழுதிப் பெரியவரிடம் கொடுத்தேன்: ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலிலும் கேட்கும், எதிர்வீட்டிலும் கேட்கும் உடன்பாடு. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பென்சிலை எடுத்து முதல் கட்டத்தில் ஓகாரத்தை மெதுவாகச் சுழித்தார், இரண்டாவதில் மகரம் எழுதி அதன் தலையில் அழுத்தமாகப் புள்ளி வைத்தார். தாளை உடனே திருப்பித் தரவில்லை. அதன் ஓரத்தில் மூன்று கட்டம் வரைந்து, கீழே எழுதி, என் பக்கம் நகர்த்தினார்: மதுரைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே சொல்வது.