செல்டா கற்பித்தல் பயிற்சி: தாய்லாந்து மாணவர்களுக்குப் பணிவான ஆங்கிலம்

பாங்காக்கில் படித்த செல்டாவின், அதாவது ஆங்கிலம் தாய்மொழியல்லாத பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ்ப் பயிற்சியின், முடிவு வந்துவிட்டது. தரம் 'பாஸ் பி', சாதாரணத் தேர்ச்சிக்கு ஒரு படி மேல். ஆறு மணி நேரக் கற்பித்தலும் நான்கு கட்டுரைகளும் அதில் அடங்கும். என்னைக் கரை சேர்த்தது வகுப்பறைப் பணிவுமொழி பற்றிய பாடம்தான் என்று நான் உறுதியாக நம்புவதால், அதை மட்டும் எழுதுகிறேன்.

தாய்லாந்து மாணவர்களுக்கு நன்னடத்தையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கைகூப்பி வணங்குகிறார்கள், பெரியவர்களைக் கடக்கும்போது குனிந்து செல்கிறார்கள், ஆண்கள் 'கிரப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்த்தே வாக்கியத்தை முடிக்கிறார்கள். ஆகவே 'ப்ளீஸ்', 'தேங்க் யூ' என்று பட்டியல் போடுவது வீண் வேலை. ஆசிரியரை இடைமறிப்பதும், அவரை மறுபடி சொல்ல வைப்பதும் அவருக்குச் சிரமம் தருவதாகும் என்று அவர்களில் பலர் கருதுவதுதான் உண்மையான இடர்ப்பாடு. புரிந்ததா என்று கேட்டால் 'யெஸ்' என்பார்கள். அது மரியாதையே தவிர விடையன்று. என் தொடக்கப் பாடங்களைப் பார்த்து 'வகுப்பில் உயிரில்லை' என்று குறிப்பெழுதிய பயிற்றுநர்மீது எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

எனவே ஆங்கிலத்தில் கேட்பதும் பணிவுதான் என்பதை அவர்கள் செய்து பார்த்தே உணர வேண்டும். 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்ற வாக்கியத்தை முதலில் இருவர் இருவராகப் பழக்கினேன். பிறகு அடுத்த பயிற்சிக்கான அறிவுறுத்தலை வேண்டுமென்றே முணுமுணுப்பாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். 'ஐ' என்று தனியாகக் கேட்கத் தயங்கியவர்கள், 'வீ டோண்ட் அண்டர்ஸ்டாண்ட்' என்று இணையின் சார்பில் கேட்கத் தயங்கவில்லை. மற்ற எதை மறந்தாலும் இந்த 'வீ'யை மறவாதீர்கள்.

இனிச் சில குறிப்புகள்:

- 'புரிந்ததா?' என்ற கேள்வியைப் பாடக் குறிப்பிலிருந்தே நீக்கிவிட்டு, 'எழுத வேண்டுமா, பேச வேண்டுமா?' என்பது போல விடையில் புரிதல் வெளிப்படும்படி கேளுங்கள்.
- தாய்லாந்தின் மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறும். வேண்டுகோளுக்குரிய ஆங்கில ஏற்ற இறக்கம் தானாக வராது என்பதால், எழுதிக் காட்டும் முன் கூட்டாகச் சொல்ல வையுங்கள்.
- சொல்லின் இறுதியில் 'ஸ்' ஒலி தாய்லாந்தின் மொழியில் வருவதில்லை. 'ப்ளீஸ்' தேய்ந்து ஒலித்தால் அதை அலட்சியம் என்று எண்ணாதீர்கள்.
- பிழையைப் பெயர் சொல்லித் திருத்தாமல், யாருடையது என்று காட்டாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள்.
- யாருடைய தலையையும் தொடாதீர்கள். மேசைமேல் அமர்ந்து காலை அவர்கள் பக்கம் நீட்டாதீர்கள்.

'டீச்சர்' என்று அழைப்பதைத் திருத்தச் சொல்பவர்கள் உண்டு. அது அவர்களுக்கு மரியாதைச் சொல் என்பதால் நான் விட்டுவிட்டேன். செல்டாவின் நான்கு கட்டுரைகளில் ஒன்றான, தனி மாணவரைப் பற்றிய கட்டுரைக்கு, நன்றாகப் பேசுபவரை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கத் தயங்கும் ஒருவரையே தேர்ந்தெடுங்கள். இந்தப் பாடத்தில் எடுத்த குறிப்புகளே அதில் பாதியை நிரப்பிவிடும்.