ஊதா மூடி டியூபும் ஒரு வெட்டி மதுரைப் பயணமும்

லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருப்பவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவது புதிதில்லை. எனக்கும் ஒரு தடவை நிஜமாகவே 14 ஆயிரத்துக்கு இறங்கியது. கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், பல் தேய்த்தால் ரத்தம். டெங்குதான் என்று பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லாத ஆளே தெருவில் இல்லை. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், ஏறியது. நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்த கூத்து.

ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். தேனியில் வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் 26 ஆயிரம் என்று வந்தது. முந்தைய ரிப்போர்ட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். உடம்பில் ஒரு புள்ளி கிடையாது, ஈறிலும் ரத்தம் இல்லை. கவுண்டரில் போய், "ஸ்மியர் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டேன். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் ஸ்மியர்.

"மெஷின்ல வந்ததுதான்க்கா ரிப்போர்ட். டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் ஸ்மியர் பார்ப்போம்."

சரி, மறுபடி எடுங்கள் என்றேன். அதே ஊதா மூடி டியூப், இன்னொரு பில். இந்தத் தடவை 21 ஆயிரம். "இறங்கிக்கிட்டே போகுது, லேட் பண்ணாதீங்க" என்ற அறிவுரைக்கு மட்டும் பில் போடவில்லை.

ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் கையில் ஊசி குத்தி, படுக்க வைத்து, ரத்தம் கொடுக்க ஆள் பிடித்து வையுங்கள் என்றார்கள். இவர் ஆபீஸ் ஆட்களையெல்லாம் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார். காலையில் வந்த டாக்டர் என் கால்களைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், பிறகு நீல மூடி டியூபில் ரத்தம் எடுக்கச் சொல்லி, ஸ்மியரும் போடச் சொன்னார். 1 லட்சத்து 48 ஆயிரம்!

"உனக்கு ஒண்ணுமில்லம்மா, டியூப்லதான் பிரச்சினை" என்றார். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து இருக்கிறது. சிலருடைய ரத்தம் அதில் பட்டால், உப்புமாவில் ரவை கட்டி தட்டுகிற மாதிரி தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷினுக்கு அந்தக் கட்டிகளைத் தனித்தனியாக எண்ணத் தெரியாது. டியூபில் நேரம் ஆக ஆகக் கட்டி கூடும், எண்ணிக்கை இன்னும் குறையும். நீல மூடியில் இருப்பது சிட்ரேட். அதில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒட்டாது.

எண்ணிக்கை திடீரென்று விழுந்து, உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாவிட்டால் ஸ்மியரைக் கேட்டு வாங்குங்கள். டாக்டர் எழுதித்தர வேண்டும் என்றால் போனிலாவது அவரைப் பிடியுங்கள். ஆனால் புள்ளிகள், மூக்கில் ரத்தம், நிற்காத மாதவிடாய், கடுமையான தலைவலி என்று ஏதாவது இருந்தால் டியூப் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். லூபஸில் நிஜமாகவும் இறங்கும்.

மதுரை டாக்டரிடம், "இடிடிஏவில் கட்டி தட்டுகிறது, சிட்ரேட்டில் எடுக்கவும்" என்று சீட்டு எழுதி வாங்கி, ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தேனி லேபில் இப்போது மறுபேச்சு இல்லாமல் நீல மூடி வருகிறது. பழைய பில் பணம் மட்டும் திரும்பி வரவில்லை. இன்னொன்று: நீல மூடி டியூபில் இருக்கும் திரவத்தில் ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போவதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். போன மாதம் பெருக்காமலே கொடுத்துவிட்டார்கள். கவுண்டரில் நின்று திருத்தி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.