கொதிக்கிற நீரில் குடித்தனம்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்றொரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதன் ஓரத்து மஞ்சளையும் ஆரஞ்சையும் பார்த்தால் ஏதோ தாது உப்பு என்றுதான் தோன்றும். அத்தனையும் நுண்ணுயிர்கள்! நீர் விளிம்பை நோக்கி ஆற ஆற, அந்தந்தச் சூட்டைத் தாங்கும் கூட்டம் அந்தந்த நிறத்தில் படிகிறது.

இதே பூங்காவின் ஊற்றில்தான் 1960களில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் தெர்மஸ் அக்வாட்டிகஸைக் கண்டெடுத்தார்கள். சுமார் 70 டிகிரி செல்சியஸில் சுகமாக வளரும் பாக்டீரியா. பிசிஆர் என்பது நொதியைக் கொண்டு டிஎன்ஏவைத் திரும்பத் திரும்ப நகலெடுக்கும் சோதனை. அதில் டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் 90 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். சாதாரண நொதி அதில் குலைந்துபோகும். புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்தப் பாக்டீரியாவின் நொதி அசரவில்லை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அந்தச் சோதனையும் இந்த வழியில் வந்ததுதான்.

சரி, பாலைவனம்? அங்கே ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்களின் இழைகள் மணலைப் பின்னிப் பிடித்து மேலே மெல்லிய ஓடாகின்றன. காய்ந்தால் உறக்கம், நனைந்தால் மறுபடி ஒளிச்சேர்க்கை. ஒரு ஜீப் ஏறி நசுக்கினால் மீளப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் இன்னும் விசித்திரம்: சில இனங்கள் உப்புப் பாறைக்குள் இருந்துகொண்டு, அந்த உப்பு காற்றிலிருந்து இழுக்கும் ஈரத்திலேயே காலம் தள்ளுகின்றன.