கம்பி எடுத்த பிறகு

குட்டை விரல்களோடு பிறந்த குழந்தையைக் கொண்டுவருகிற பெற்றோர் அனேகமாக எக்ஸ்ரேயைத்தான் முதலில் நீட்டுவார்கள். கை அறுவை சிகிச்சைக் குழுவில் இயன்முறை சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். படத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, குழந்தைக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை உருட்டி விடுவேன். எந்தக் கையை நீட்டுகிறது, கட்டைவிரல் எதன்மேல் போய் அழுந்துகிறது என்று பார்க்க வேண்டும். படத்தில் எலும்பே தெரியாத இடத்தில், வெறும் சதையைக் கொண்டே பொருளைக் கவ்விவிடும் குழந்தைகள் உண்டு.

எல்லாக் குட்டை விரலும் ஒன்றல்ல. பரம்பரையாக வருவதில் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் எலும்பு கொஞ்சம் குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். பரம்பரை பற்றி மெண்டல் சொன்ன விதிப்படி மனிதரிடம் ஒரு உடல் பண்பு இறங்கி வருவதை அமெரிக்க மானிடவியலாளர் ஃபாராபி 1905இல் எழுதிக் காட்டியது இத்தகைய குட்டை விரல்களை வைத்துத்தான். இவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவையில்லை. எங்களிடம் அதிகம் வருவது இன்னொரு வகை: ஒரு கையில் மட்டும், நடு விரல்கள் மொட்டுப் போல நின்றிருக்கும், நுனியில் துளி நகமும் இருக்கும். சிலருக்கு அதே பக்கத்து மார்புத் தசையிலும் ஒரு பகுதி இராது. ஆல்பிரெட் போலண்ட் 1841இல் மருத்துவ மாணவராக இருந்தபோதே பதிவு செய்த நிலை அது. அதனால் சட்டையைக் கழற்றாமல் நாங்கள் கையைப் பார்ப்பதில்லை.

கருவின் எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. இதைத் தாயிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். கனமான எதையோ தூக்கியதால் வந்ததோ, எதையோ சாப்பிட்டதால் வந்ததோ என்று மாதக்கணக்கில் தன்னையே குடைந்துகொண்டு வந்திருப்பார். மற்ற விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான் அவர் காதில் விழும்.

மொட்டு விரலில் தோல் தளர்வாக இருந்தால், கால்விரலின் அடி எலும்பை எடுத்து அந்தத் தோல் பைக்குள் வைப்பார்கள். எலும்பை மூடியிருக்கும் மெல்லிய சவ்வோடு சேர்த்து எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எலும்பு மெல்லக் கரைந்துபோகக் கூடும். எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு உயிரோடு இருக்கும் வாய்ப்பு சின்ன வயதில் அதிகம் என்பதால் ஒன்றரை வயதுக்குள் செய்வதே நல்லது. கையைப் பார்த்துப் பழகுவதற்கு முன்பே முடிவெடுக்கச் சொல்கிறார்களே என்று பெற்றோர் தவிப்பது இதனால்தான். அவர்களை அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. கூடுகிற நீளம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். புது விரல் மடங்கும் என்ற உறுதியும் இல்லை. எலும்பு கொடுத்த கால்விரல் குட்டையாகித் தொளதொளவென்று ஆகிவிடும். இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் அழுத்திப் பிடிக்க எதிரே உறுதியாக ஒன்று நின்றால், அந்த ஒரு சென்டிமீட்டரே கையின் போக்கை மாற்றிவிடும். அதையும் அதே மூச்சில் சொல்வேன்.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஒட்டியிருக்கும் விரல்களைப் பிரித்துத் தோல் ஒட்டுவார்கள். ஒரே விரலின் இரு பக்கத்தையும் ஒரே தடவையில் பிரித்தால் ரத்த ஓட்டத்துக்கு ஆபத்து என்பதால் இது தவணைகளில் நடக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு எலும்பை வெட்டி, வெளியே கருவி பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் இழுத்து நீட்டுவதும் உண்டு. ரத்தக்குழாய், நரம்போடு முழுக் கால்விரலையே நுண்ணோக்கி வழியாகக் கைக்கு மாற்றுவது மிக நீண்ட அறுவை சிகிச்சை.

என் வேலை கனக்கத் தொடங்குவது இதற்கெல்லாம் பின்னால். முழங்கையை மடக்கி, அதற்கு மேல் வரை மாவுக்கட்டு போடுவோம். குட்டையாகப் போட்டால் குழந்தை உருவி எறிந்துவிடும். எலும்பைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி சுமார் நாலிலிருந்து ஆறு வாரம் இருக்கும். கட்டு நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் நுனி நிறம் மாறினாலோ உடனே வரச் சொல்வோம்.

கம்பி எடுத்த பிறகுதான் வீட்டில் தயக்கம் தொடங்குகிறது. குழந்தை அந்தக் கையை மறந்தது போல ஒதுக்கி வைக்கும். பெற்றோரும் தொடப் பயப்படுவார்கள். புண் முழுதும் ஆறியதும் தழும்பின்மேல் களிம்பு தடவி, அது வெளுக்கும் அளவு அழுத்தி, மெதுவாகத் தேய்க்கச் சொல்லித் தருவேன். முதல் தடவை என் விரலை அவர்கள் விரல்மேல் வைத்தே செய்வோம். தழும்பு பக்குவப்பட ஒரு வருடம்கூட ஆகலாம். குழந்தை அந்தக் கையைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக நல்ல கையைக் கட்டிப்போடுவதை நான் ஒப்புவதில்லை. இரண்டு கையும் இல்லாமல் ஆகாத விளையாட்டைக் கொடுத்தால் போதும்: பெரிய பந்து, கிழிக்கக் காகிதம், இறுக்கமான மூடி போட்ட டப்பா.

பள்ளி வயதில் இவர்கள் கையையும் காலையும் காட்டத் திரும்ப வருவார்கள். அப்போது அடுத்த அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்பது பெற்றோர்தான். பிள்ளையின் கவலை வேறாக இருக்கும். ஒரு சிறுமிக்கு ஷூ நாடா தானே கட்ட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். சின்ன விரல்களால் வளையத்தை ஷூவின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாடாவைச் சுற்றி இழுக்கும் முறையைச் சேர்ந்தே கண்டுபிடித்தோம். அடுத்த அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே கோப்பில் எழுதி வைத்தேன்.