எண்பதாயிரம் ரூபாய் போனுக்கு ஒரு மாதக் கணக்கு

"ஒரே தடவை நல்லதா வாங்கிட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை, கணக்குப் பார்த்தா இதுதான் லாபம்." விலை கூடிய போனுக்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இது. சரி, கணக்கே பார்த்துவிடுவோம். 80,000 ரூபாய் போனை ஐந்து வருடம் வைத்திருக்கிறீர்கள், நடுவில் பேட்டரி மாற்ற 7,000 ஆகிறது, கடைசியில் 15,000-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையைவிட்டுப் போனது 72,000. அறுபது மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,200. 25,000 ரூபாய் போன் மூன்று வருடம் உழைத்து 5,000-க்குப் போனால் மாதம் 555. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் முன்பின் ஆகுமே தவிர, விலை கூடிய போன் லாபமாக மாறாது. மாதம் 650 ரூபாய் கூடுதல் வாடகை மாதிரிதான் இது. அந்த வாடகைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

ஜிபே, வாட்ஸப், யூடியூப், வங்கிச் செயலிகளுக்கு எதுவும் கிடைக்காது. அங்கே 20,000 ரூபாய் போனே போதும்.

கேமராவில் கிடைக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பகல் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கிறவரை எடுத்தால் இரண்டு போனுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை எடுக்கும்போதுதான் தெரியும். இருட்டில் போன் பல ஃபிரேம்களை அடுக்கி ஒரே படமாக்குகிறது. சென்சார் சிறியதாக இருந்தால் அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அதற்குள் கை அசைந்து கலங்கிவிடும். கடையில் இதைச் சோதிக்க, விற்பனையாளரைக் கையை ஆட்டச் சொல்லி, கவுன்டருக்குக் கீழே நிழலில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஐந்து மடங்கு ஜூம் வைத்து எதிர்க்கடைப் பலகையைப் படித்துப் பாருங்கள். தனி ஜூம் லென்ஸ் இருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். மலிவு போன்களில் கிட்டத்தில் வைத்து எடுக்கத் தரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா எண்ணிக்கை காட்டத்தான். ஆனால் எடுத்த படமெல்லாம் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கே போகிறதென்றால், அது படத்தைச் சுருக்கும்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தில் பெரும்பங்கும் போய்விடும்.

வீடியோ எடுத்துச் சம்பாதிக்கிறவர்களுக்குக் கதை வேறு. அவர்கள் பார்க்க வேண்டியது சூடு. ஷோரூம் ஏசியில் எந்த போனும் சூடாகாது. திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து, வாசல் வெயிலில் பத்து நிமிடம் 4கே வீடியோ எடுத்துப் பாருங்கள். திரை தானாக மங்கினாலோ பதிவு நின்றாலோ, சித்திரை வெயிலில் அதை நம்ப முடியாது. 4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் வைத்தால் ஐபோன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி பிடிக்கும். விலை கூடிய போன்களில் பெரும்பாலும் மெமரி கார்டு போட இடமில்லை. ஆகவே 256 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள்.

ஏழு வருட அப்டேட் என்ற வாக்குறுதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: அந்த ஏழு, போன் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24-ஐ 2026-ல் தள்ளுபடியில் வாங்கினால் மீதி ஐந்துதான். அதுவே தாராளம், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். இப்போது கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற மலிவு போனுக்கே சாம்சங் ஆறு வருடம் தருகிறது. என்ன, அப்டேட் வரும். நாலாவது வருடத்தில் அந்த சிப் அதைச் சுமக்குமா என்பது வேறு விஷயம்.

பேட்டரி எந்த விலையிலும் தேயும். ஐபோன் 14 வரை 500 முழுச் சார்ஜ் சுற்றிலும், 15-லிருந்து 1,000 சுற்றிலும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தினம் ஒரு சுற்று என்றால் 1,000 சுற்று மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். போன் வாங்கும் முன் சர்வீஸ் சென்டரில் பேட்டரி விலையோடு டிஸ்ப்ளே விலையையும் கேளுங்கள். டிஸ்ப்ளே விலையைக் கேட்டு மனம் மாறியவர்கள் உண்டு. வெளிக்கடையில் மலிவாகப் போடும் காம்போ (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்தது) பெரும்பாலும் மட்டமான எல்சிடி திரை; அதில் திரைக்கடியில் உள்ள கைரேகை சென்சார் வேலை செய்யாது, நிறமும் மாறும். தண்ணீர், தூசி தாங்கும் என்பதற்கான ஐபி68 தரம் அட்டையில் இருந்தாலும் தண்ணீர் புகுந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. சோப்புத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் பொருந்தாது. ஒருமுறை பிரித்து ஒட்டிய போனில் அந்தக் காப்பும் சந்தேகம்தான்.

விலையைப் பொறுத்தவரை ஐபோனுக்கு நாள் பார்க்கலாம். 13, 14, 15 மூன்றும் இங்கே 79,900-க்கு வந்தன. அடுத்த மாடல் வந்த செப்டம்பரில் மூன்றும் 69,900 ஆயின. ஆகஸ்டில் ஐபோன் வாங்குவதைவிட வீண் செலவு இல்லை.

நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி இல்லாமல் இல்லை. வட்டிக்குச் சமமான தொகையைக் கடை விலையில் தள்ளுபடி செய்ய, வங்கி வட்டியைப் போடுகிறது. 80,000-ஐ 12 மாதமாகக் கட்டினால், 16 சதவீதத்தில் வட்டி சுமார் 6,520. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,170-ஐ நீங்கள்தான் கட்டுவீர்கள். பிராசஸிங் கட்டணம் தனி. முழுப் பணமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள தொழில் செய்கிறவர், தொழிலுக்காக வாங்கினால் பில்லில் தம் எண்ணைப் போடச் சொல்லலாம். போன் விலையில் அடங்கிய 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் ஐபோனுக்கும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்பவற்றில் ஐபோன் 14-லிருந்து சிம் தட்டே கிடையாது. ஐபோன் 17-லிருந்து சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைனிலும் அப்படித்தான். கழற்ற முடியாமல் போனுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டுமே. அடிக்கடி சிம் கழற்றி வேறு போனில் போடுகிறவர்கள் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.