உதவி கேட்டுப் போன அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன்

2016 ஜனவரியில் நானும் கணவரும் நான்கு வயது மகளும் டொராண்டோ வந்து இறங்கினோம். ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தோம். திருச்சியில் ஆடிட்டர் ஆபீஸில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். கணக்குத் தெரிந்தவளுக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும் என்ற தைரியத்தில்தான் கிளம்பினேன்.

முதல் வாரம் சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) வாங்கியாயிற்று. அந்த ஒன்பது இலக்க எண் இருந்தால்தான் வேலையில் சேர முடியும். மருத்துவ அட்டைக்கு அப்போதெல்லாம் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் (2020 மார்ச்சில்தான் எங்கள் மாகாணமான ஒன்டாரியோ அந்த விதியை நீக்கியது). குழந்தைகளுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகைக்கான படிவத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கனடா வருவதற்கு முந்தைய வருஷங்களின் வருமானத்தைக் கேட்டிருந்தார்கள். திருச்சியில் வாங்கிய சம்பளம் இவர்களுக்கு எதற்கு, தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று இரண்டு நாள் அதைத் தொடாமலே வைத்திருந்தேன். மாடி வீட்டு அக்காதான், புதிதாக வந்தவர்களுக்கு உதவும் ஒரு அமைப்பு பக்கத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். இலவசம் என்றதும் எனக்குச் சந்தேகம். மத்திய அரசின் குடிவரவுத் துறை பணம் தந்து நடத்துகிற சேவை என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?" என்றுதான் ஆரம்பித்தார். நான் படபடவென்று பேச, "ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் தேற்றுவது. அவர்கள் பேச்சில் அதற்கு அவசரமில்லாமல், நிதானமாக என்று பொருள். அன்று எனக்கு இரண்டு அர்த்தமும் சேர்ந்தே கேட்டது.

படிவம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அப்புறம் அரை மணி நேரம் அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மகள் எங்கே? பள்ளிக்குப் போகவில்லையா? செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். "ஏன்? இப்பவே சேர்ப்பினம்" என்று அங்கிருந்தே பள்ளிக்குப் போன் செய்தார். அடுத்த திங்கட்கிழமை மகள் பாலர் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கப் போனது படிவம். பள்ளியைப் பற்றி எனக்குக் கேட்கவே தெரியாது. இன்று நானும் பார்க்கும் இந்த வேலை என்னவென்று யாராவது கேட்டால் அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

வேலை தேடியது பெரிய கதை. கணவர் ஏஜென்சி மூலம் கிடங்கு வேலைக்குப் போனார். எனக்கு எங்கே போனாலும் "கனேடிய அனுபவம் உண்டா?" அப்படிக் கட்டாயமாகக் கேட்பது பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே சொல்லிவிட்டது. நான் பார்த்த நேர்காணல்களில் அது தெரிந்த மாதிரி யாரும் நடந்துகொள்ளவில்லை. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது என்ற சட்டம் 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நான் வேலை தேடியதற்குப் பத்து வருஷம் தாமதம் என்று இன்றும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு காபிக் கடையில் காலை ஷிப்ட் போய்க்கொண்டிருந்தேன்.

வழி திறந்தது 2017 பிப்ரவரியில். அதே அமைப்பில் ரெஸ்யூமே வகுப்புக்குப் போனபோது, இலவச வரி முகாமுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு வரிப் படிவம் போட்டுத் தரும் முகாம் அது. வருமான வரித் துறையே பயிற்சியும் மென்பொருளும் தருகிறது. போலீஸ் சரிபார்ப்பு முடித்துச் சேர்ந்தேன். இங்கே வருமானமே இல்லாவிட்டாலும் வரிப் படிவம் போட வேண்டும். போடாவிட்டால் குழந்தைக்கான தொகையும் முதியோருக்கான கூடுதல் உதவியும் ஜூலையில் நின்றுவிடும். இதை நம் ஆட்களுக்குப் புரியவைப்பதுதான் பாதி வேலை.

ஒரு சனிக்கிழமை, எழுபது தாண்டிய அம்மா ஒருவர் மளிகைக் கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே முழுக்கப் பிரிக்காத அரசாங்க உறைகள். "இதுகளைத் திறக்கப் பயமாக் கிடக்கு, பிள்ளை." கணவர் இருந்தவரை அவர்தான் எல்லாம் பார்த்தாராம். ஆடிட்டர் ஆபீஸ் பழக்கம் எனக்குக் கை கொடுத்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதி வாரியாக அடுக்கினேன். பாதிக்கு மேல் ஒரே விஷயம்: இரண்டு வருஷமாக வரிப் படிவம் வரவில்லை, அனுப்புங்கள். கடைசிக் கடிதம் உதவித்தொகையை நிறுத்தியதற்கானது. பயப்படும்படி அதில் வேறு எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொல்ல, அந்த அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதை நிறுத்தினார். இரண்டு வருஷத்துக்கும் அன்றே அனுப்பினோம். சில மாதம் கழித்து, பணம் வரத் தொடங்கிவிட்டது என்று சொல்ல பஸ் பிடித்து வந்திருந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் அங்கேயே வரவேற்பு மேசையில் பகுதிநேர வேலை கிடைத்தது. தன்னார்வமாகச் செய்த இரண்டு மாதமே கனேடிய அனுபவமாகக் கணக்கில் வந்தது. 2018 ஏப்ரலில் குடியேற்ற உதவியாளர் ஆனேன். ஒப்பந்த வேலைதான், அரசின் நிதியாண்டு முடியும் மார்ச் 31 வரை. ஒவ்வொரு மார்ச்சிலும் வயிற்றில் ஒரு பிடி விழும். 2025க்கான நிரந்தரக் குடியேறிகளின் இலக்கை 3,95,000ஆக அரசு குறைத்தபோது நிதியும் சுருங்கியது. எங்கள் வரிசையில் சில மேசைகள் காலியாயின. கணக்கு வேலைக்கே போயிருந்தால் கூடுதலாகச் சம்பாதித்திருப்பேன். ஆனாலும் போக மனம் வரவில்லை.

இந்த வேலையில் எனக்குக் கஷ்டமானது, வருகிறவரிடம் முதலில் அவருடைய குடிவரவு நிலையைக் கேட்பது. நிரந்தர வதிவாளர் என்றால், அகதியாக ஏற்கப்பட்டவர் என்றால் மத்திய அரசுப் பணத்தில் உதவலாம். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவருக்கு அந்தப் பணத்தில் உதவ முடியாது. அவரை மாகாண நிதியில் நடக்கும் திட்டத்துக்கும் லீகல் எய்டு என்ற சட்ட உதவிக்கும் கைமாற்றிவிட வேண்டும். எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்ப மாட்டேன். நானே போன் செய்து, மறுமுனையில் ஆள் பேசிய பிறகுதான் அவரை எழவிடுவேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குடியுரிமை வாங்கிவிட்டால் மத்திய அரசு நிதியில் நடக்கும் இந்தச் சேவைகள் கிடைக்காது. ஆங்கில வகுப்பு, வேலை வழிகாட்டுதல் எல்லாவற்றையும் அதற்கு முன்பே பயன்படுத்திக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

பிப்ரவரி வந்தால் வரி முகாமுக்குப் புதுத் தன்னார்வலர்கள் வருவார்கள். பயிற்சியை இப்போது நான்தான் எடுக்கிறேன். மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பை நிறைய உறைகளை மேசையில் கொட்டி, தேதி வாரியாக அடுக்கச் சொல்கிறேன்.